துவைக்காத துணி கேட்டவர்

இல்லை, சொந்தம் இல்லை. ஒரே தேயிலைத் தோட்டமும் இல்லை. பன்னிரண்டு நாள் ஒரே வார்டில் இருந்தோம், அவ்வளவுதான்.

பிலோமினா அக்கா நேற்று இறந்துவிட்டார்.

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அந்த வார்டில் அடுத்த கட்டிலில் பிள்ளையோடு இருந்த, இறம்பொடை ஊர் அக்கா அனுப்பியிருந்தார். "தங்கச்சி, துணி கேக்குற அம்மா போயிட்டாங்களாம். அந்தப் பையெல்லாம் இப்ப யார் கையில இருக்கோ."

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது...

தெரியாதவர்களுக்கு: போன வருடம் என் அக்கா மகள் தர்ஷியின் மேல் கொதிக்கும் கேத்தல் கவிழ்ந்தது. வலது கை, தோள். ஐந்து வயது. அவளுடைய அம்மா குவைத்தில். எங்கள் லயத்து வீட்டில் அன்று பொறுப்பு நான். பக்கத்தில்தான் இருந்தேன், வாசித்துக்கொண்டு.

வார்டில் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. நானும் எல்லோரையும் பார்த்தேன்.

பிலோமினா அக்காவுக்கு யூனிபோம் இல்லை. கழுத்தில் அட்டை இல்லை. முதல் பஸ்ஸில் வருவார். ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்வார். யார் இவர் என்று நர்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். "அந்த அக்கா பென்ஷன். முந்தி இங்க அட்டெண்டன். இப்ப சும்மா வாரது" என்றார், தன் சிங்களத் தமிழில்.

சும்மா யார் வருவார்?

முதல் நாளே என்னிடம் கேட்டார். "அம்மா உடுத்தின துணி ஏதும் இருக்கா பிள்ள? தொவைக்காதது. ஒரு துண்டு போதும்."

அவர் நகர்ந்ததும் இறம்பொடை அக்கா என் காதில்: "குடுத்துராதீங்க தங்கச்சி. தொவைக்காத துணி எதுக்குக் கேப்பாங்க? மந்திரிக்கத்தான். நான் என் தலத்துண்ட ஒளிச்சு வச்சிட்டேன்."

நான் படித்தவள். மந்திரத்தை நம்பவில்லை. என் சந்தேகம் கொஞ்சம் நாகரிகமானது. மதம் மாற்ற வரும் ஜெபக் கூட்டத்து ஆள். பையிலிருந்து எப்போது சின்னப் புத்தகம் வெளியே வரும் என்று காத்திருந்தேன்.

அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பையைத் திறந்தும் பார்த்தேன்.

புத்தகம் இல்லை. பொலிதீன் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணி, வாய் இறுக்கிக் கட்டி, மேலே பிளாஸ்டர் துண்டில் பிள்ளையின் பெயர். இதற்குப் புத்தகமே பரவாயில்லை என்றிருந்தது.

ட்ரெஸ்ஸிங் அறைக்குள் வீட்டு ஆட்களை விடமாட்டார்கள். அவரை விடுவார்கள். கதவில் சின்னக் கண்ணாடி. அதன் வழியே பார்த்தேன். பையை அவிழ்த்து, அம்மாவின் துணியை அந்தந்தப் பிள்ளையின் மூக்கருகே பிடிப்பார். புண்ணில் படாமல். கட்டு அவிழ்த்து முடியும்வரை.

தர்ஷிக்கு மூன்றாவது ட்ரெஸ்ஸிங். "வலிக்குமா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "வலிக்கும் தங்கம். பழைய கட்டு அவுக்கிறப்ப ரொம்ப. பத்து எண்ணுவோம். அப்புறம் கொஞ்சந்தான்."

"சின்னப் பிள்ளைய ஏன் பயங்காட்டுறீங்க?"

"வலிக்காதுன்னு நீங்க ரெண்டு நாள் சொன்னீங்க. இப்ப உங்க மூஞ்சியப் பாத்தாலே அழுவுது. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தேன்.

அன்று என் ஷாலைக் கொடுத்தேன், தர்ஷியின் அம்மாவுடையது என்று சொல்லி. என்ன செய்கிறார் பார்ப்போம் என்று. அக்காவின் துணிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றும்... ஆமாம், மந்திரத்தை நம்பாத நான்தான்.

கதவடியிலேயே தர்ஷி மோந்து பார்த்தாள். "இது அம்மா இல்ல. சித்தி."

பிலோமினா அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "இன்னிக்கு சித்தி வரட்டும். நாளைக்கு அம்மா." தர்ஷியைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் என்னிடம்: "வெளிய நின்னு நீங்களும் சத்தமா எண்ணுங்க. யூனிவர்சிட்டி பிள்ளைக்குப் பத்து வரைக்கும் வரும் தானே?"

உதட்டை மட்டும் அசைத்தேன். ஏழில் தர்ஷி அலறினாள். உள்ளே திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

மறுநாளும் அக்காவின் துணியை நான் கொண்டுபோகவில்லை. கொண்டுபோக எதுவும் இல்லை. அக்கா குவைத் போன வாரமே அவள் உடுப்பு எல்லாவற்றையும் துவைத்து அலுமாரியில் அடுக்கியது நான்தான். திறந்தால் சவர்க்கார வாசம். அதை அவரிடம் சொல்லவில்லை. மறந்துட்டேன் என்றேன். ஒவ்வொரு நாளும்.

டிஸ்சார்ஜ் அன்று ஷாலைக் கேட்டேன். பொலிதீனில் கட்டி, தர்ஷி என்று எழுதி வைத்திருந்தார். "இங்கயே இருக்கட்டுமே பிள்ள. புண் ஆறுறப்ப தோல் இழுத்து கை சுருங்குனா திரும்ப வருவீங்க. அப்ப தேவப்படும்."

ஆஸ்பத்திரியில் யாராவது அப்படிச் சொல்வார்களா? போயிட்டு வாறேன் என்றுகூட அங்கே நாங்கள் சொல்வதில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் ஷாலைக் கொதிநீரில் போட்டு இரண்டு முறை துவைத்தேன்.

தர்ஷியின் கை சுருங்கிவிட்டது. மூன்று விரல் நிமிராது. அடுத்த மாதம் ஒபரேஷன். அதே வார்ட்.

நேற்று, இந்தச் செய்தி வந்த பிறகு, "வலிக்குமா?" என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளையாடப் போனாள்.

இப்போதும் அவரை முழுதாக நம்புகிறேனா, தெரியாது. ஏன் சும்மா வந்தார்? யார் அனுப்பினார்கள்? வீட்டில் அவருக்கு யார் இருந்தார்கள்? பையைத் திறந்து பார்த்தேனே தவிர, இதில் ஒன்றையும் கேட்கவில்லை.

பிலோமினா அக்கா, அந்த ஷால் என்னுடையது. உங்களுக்குத் தெரியும். இளைப்பாறுங்கள்.

இன்று காலை குவைத்துக்கு, என் அக்காவுக்கு வொயிஸ் மெசேஜ் அனுப்பினேன். ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு நைட்டி கொடுத்துவிடச் சொன்னேன். உடுத்தியதை. பொலிதீனில் இறுக்கிக் கட்டி. துவைக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.