‘போலே தாஹான்’ என்று நான் சொன்ன பதில்

1. திரும்பி வந்த நாள்

பிரசவ விடுப்பு முடிந்து செனாயில் இருக்கும் தொழிற்சாலைக்குத் திரும்பிய அன்று காலையில் இரண்டு பைகள் கட்டினேன். பிள்ளை பார்ப்பவர் வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் பையில் கறுப்பு பேண்ட் இரண்டு, உள்ளாடை மூன்று, பெரியவர்கள் கட்டும் டயப்பர், ஈரத்தாள், பிளாஸ்டிக் உறைகள். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. என் பை பிள்ளையின் பையைவிடக் கனமாக இருந்தது.

நான் பேக்கிங் செக்‌ஷனில் லைன் லீடர். எலெக்ட்ரானிக் பாகங்களை டிரேயில் அடுக்கி, உறையில் போட்டு, மெஷினில் காற்றை உறிஞ்சி ஒட்டுவோம். அந்த மெஷினை வேக்குவம் என்போம். லைனில் எட்டுப் பேர். ஒருவர் டாய்லட் போனால் அந்த இடத்தில் ரிலீவர் வந்து நிற்க வேண்டும். போன நேரமும் வந்த நேரமும் போர்டில் ஏறும்; ஐந்து நிமிடம்தான் கணக்கு. பதினாறு வருடமாக அந்தப் போர்டில் எழுதி வந்தவள் நான்தான். “இப்பதானே போயிட்டு வந்த, மறுபடியுமா?” என்று எத்தனையோ பெண்களைக் கேட்டிருக்கிறேன்.

அன்று வேக்குவம் முதல் உறையை உறிஞ்சியபோது என் தொடைகள் தாமாக ஒட்டிக்கொண்டன. பிரசவ அறையிலும் ஏறக்குறைய இதே சத்தம்தான்.

2. பிரசவ அறையும் கிளினிக்கும்

பிள்ளையின் தலை பாதியில் நின்றுவிட்டது. இதயத் துடிப்பு இறங்குகிறது என்றார்கள். தலையில் வேக்குவம் கருவி வைத்து இழுத்தார்கள். பிள்ளை அழுதாள். அந்த அழுகை கேட்டுக்கொண்டிருக்கும்போதே என்னை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கிழிசல் ஆசனவாய்த் தசையைத் தாண்டிப் போயிருந்தது. தைத்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். “பிள்ள நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?”

ஆறாம் வாரம் கிளினிக்கில் ஒரு மலாய் தாதி வரிசையாகக் கேள்விகள் கேட்டார். தையல், தாய்ப்பால், தூக்கம். பிறகு மலம் கழிப்பதைப் பற்றிக் கேட்டு, “போலே தாஹான்?” என்றார். பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டு, “போலே தாஹான் லா” என்றேன். தாதி டிக் அடித்தார்.

இங்கே நாங்கள் எதற்கும் சொல்லும் பதில் அது. புதுக் கடை பிரியாணி எப்படி? போலே தாஹான். மூத்த பையனுக்குப் பரீட்சை எப்படி? போலே தாஹான். பரவாயில்லை, ஓட்டலாம் என்று அர்த்தம்.

உண்மையில் ஓட்ட முடியவில்லை. காற்று நிற்கவில்லை. சில நாள் மலமும் நிற்கவில்லை. பொந்தியானில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும்போது வழியில் எந்தெந்த பெட்ரோல் ஸ்டேஷனில் டாய்லட் உண்டு என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போவேன். பிள்ளையைத் தூக்கும்போதும் பயம், தும்மும்போதும் பயம். நாற்பதுக்கு மேல் பெற்றால் உடம்பு இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஆடிட்

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் கஸ்டமர் ஆடிட் வந்தது. மேனேஜர் என்னை மெஷின் பக்கத்திலேயே நிறுத்தினார். “லைன் லீடர் நகரக்கூடாது, ஓகே? அவங்க கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

வந்தவர்கள் டிரேயைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றில் ஒரு புரட்டல். வரப்போகிறது என்று தெரிவதற்கும் வருவதற்கும் நடுவில் எனக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. யாரிடமும் சொல்லாமல் நடந்தேன். ஓடினால் இன்னும் மோசம். டாய்லட் கதவுக்கு நான்கடி இருக்கும்போதே முடிந்துவிட்டது.

உள்ளே உட்கார்ந்து கைகளால் வாயைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எங்கள் ரிலீவர் செல்வி.

“அக்கா, உள்ளதான இருக்கீங்க? மேனேஜர் தேடுறாரு லா.”

“வயிறு சரியில்லன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். உங்க லாக்கர்ல இருந்து பையக் கொண்டாந்தேன். கீழால தள்ளுறேன். நான் ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல.” பை கதவுக்கடியில் வந்தது. கொஞ்சம் பொறுத்து, “அக்கா, அஞ்சு நிமிசம் தாண்டிருச்சு. போர்டுல ஏத்தவா?” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியது. கதவைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொல்லாதது.

“இத கிளினிக்ல சொன்னீங்களா?”

“கேட்டாங்க. போலே தாஹான்னு சொன்னேன்.”

“அலமாக்! அக்கா, அவங்க கேட்டது அடக்க முடியுதான்னு! தாஹான்னா அடக்குறதுதான? நீங்க பிரியாணிக்குச் சொல்றாப்ல சொல்லிட்டு வந்திருக்கீங்க!”

சிறுவயதிலிருந்து மலாய் பேசுகிறேன். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அடக்க முடிகிறது என்று நானே என் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

4. தாள்

மறுபடி கிளினிக் போவதற்கு எட்டு நாள் ஆனது. தையல் விட்டுப்போயிருக்குமோ, திரும்ப அறுப்பார்களோ என்ற பயம் ஒருபுறம். வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. முந்தின நாள் ஒரு தாள் எடுத்து, வேலையில் கழித்த பாகங்களுக்கு ரிஜெக்ட் ரிப்போர்ட் எழுதுவது போலவே எழுதினேன். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நடந்தது, எத்தனை முறை. பக்கம் நிறைந்துவிட்டது.

டாக்டர் வாசிக்கும்போது என் கணவரும் எட்டிப் பார்த்தார். காருக்கு வந்தும் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “அன்னைக்கு நான் பக்கத்துலதான இருந்தேன். எனக்கும் நல்லா இருக்கேன்னு நீ சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு” என்றார்.

ஸ்கேனில் தசை ஓரிடத்தில் சேராமல் இருப்பது தெரிந்தது. இப்போது பிசியோவுக்குப் போகிறேன். ஐந்து எண்ணும்வரை இறுக்கு, விடு, மறுபடி இறுக்கு. முன்பைவிடக் கொஞ்சம் அடங்குகிறது. பத்தாவிட்டால் ஆபரேஷன் என்கிறார்கள். வேக்குவம் சத்தம் கேட்டால் வரும் பயத்துக்காகவும் ஒரு கவுன்சலரைப் பார்க்கிறேன். இன்னும் அந்த மெஷின் பக்கம் முதுகு காட்டி நிற்க என்னால் முடியவில்லை.

லைனில் இருக்கும் இளம் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளினிக்கில் கேட்டால் சமாளிக்கும் பதிலைச் சொல்லாதீர்கள். எத்தனை முறை, எப்போது, எவ்வளவு என்று நடந்ததைச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். என் தாளில் எழுத்தெல்லாம் கோணல். ஆனாலும் டாக்டர் கடைசி வரி வரைக்கும் வாசித்தார்.