டிரம் மெஷினை அடக்க ஒரு பெட்டி

என் வீட்டுக்காரி பாடகி. நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம் மெஷின் தட்டுகிறவன். ராஜபாளையத்தில் எங்களுடையது ஒரு சின்ன மெல்லிசைக் குழு. கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோவில் கொடை என்று மாசத்துக்கு நாலைந்து கச்சேரி வரும். மற்ற நாளில் நான் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன். இருபது வருஷமாக அந்த இரைச்சலுக்குள்ளேயே கிடந்து கிடந்து, சத்தம் என்றால் அது சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று என் காது முடிவு கட்டிவிட்டது. மெல்லப் பேசுகிற ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

டிரம் மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பாட்டில் பதவிசாகத் தட்டும். அடுத்த பாட்டில் கிக் என்கிற அந்தப் பெரிய அடி விழுந்தால் மண்டபத்துச் சன்னல் கண்ணாடி அதிரும். சத்தத்தைக் குறைத்தால் சின்னச் சின்னத் தட்டெல்லாம் காணாமல் போகும். கூட்டினால் பாடுகிறவள் காணாமல் போவாள். அவள் என்ன செய்வாள் பாவம், அதுக்கு மேலே குரலை ஏற்றுவாள். பத்தாவது பாட்டில் தொண்டை கரகரத்துவிடும். போன வருஷம் ஒருநாள் டாக்டரிடம் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள்.

"இப்படியே கத்துனா குரலு போயிருமாம். இன்னும் ரெண்டு கச்சேரி பாக்கேன். சரியாகலைன்னா நான் பாடுறதை விட்டுருதேன்."

சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். பாடாமல் இருந்தால் அவள் இரண்டு நாளில் வாடிப்போவாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்குத் தருகிற செட்டுக்காரரிடம் போய்ப் புலம்பினேன். "ஒரு கம்ப்ரசர் வாங்கிப் போடு மாப்ள" என்றார். மெஷினுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருகிற பெட்டி அது. சத்தம் நாம் வைத்த அளவைத் தாண்டினால் தானாக அமுக்கிவிடும். லேப்டாப்பிலேயே அந்த வேலையைச் செய்யலாம் என்று கீபோர்டு வாசிக்கிற தம்பி சொன்னான். மேடையில் லேப்டாப் மக்கர் பண்ணினால் மாப்பிள்ளை வீட்டுக்காரனுக்கு யார் பதில் சொல்வது? கையால் திருகுகிற பெட்டிதான் வேண்டும், அதுவும் என் கைக்கு அடங்குகிற விலையில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

செட்டுக்காரர் அங்கே இங்கே சொல்லி மூன்று பெட்டியைப் பார்வைக்கு வாங்கி வந்தார். ஒன்று கிட்டார்க்காரர்கள் காலால் மிதிக்கிற குட்டிப் பெட்டி. இன்னொன்று புத்தம் புதுசு. ஒரே ஒரு திருகு, ஆனால் விளக்கு மட்டும் கலர் கலராக எரியும். மூன்றாவது, மதுரையில் ஒரு குழு கலைந்தபோது விலைக்கு வந்த பழசு. திருகு ஏகப்பட்டது இருந்தது, ஒரு பக்கம் விளக்கே எரியவில்லை.

எங்கள் பக்கத்தில் சவுண்டுக்கு ஒரே பரீட்சைதான். எம்புட்டுத் தூரம் கேக்கு? புது ஸ்பீக்கர் எது வந்தாலும் காலி இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, ஒரு ஆள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பைக்கில் போய்க்கொண்டே இருப்பான். சத்தம் நிற்கிற இடம்தான் அந்த ஸ்பீக்கர் வாங்கின மார்க். நாங்களும் அய்யனார் கோவில் ரோட்டில் ஒரு மாந்தோப்பு ஓரம் மெஷினை வைத்தோம். செட்டுக்காரர் பைக்கை எடுத்தார்.

"கேக்கு... கேக்கு... ஏலே, பாலத்தைத் தாண்டிட்டேன், இன்னும் கேக்குடா!"

அது புதுப்பெட்டி. பழசைப் போட்டபோது பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டார். "என்னலே இது, தொண்டை கட்டுன மாதிரி இருக்கு" என்றார். குட்டிப் பெட்டி அதற்கும் முன்னாலேயே அவுட். அப்புறம் என்ன யோசனை? புதுசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ராஜா மாதிரி வந்தேன்.

"நானும் ஒரு பாட்டுப் பாடிப் பாத்திருக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

"நீ வந்து பாடு, போதும். மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அந்த வாயில் இப்போது போட்டாலும் தகும்.

அடுத்த கச்சேரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து. பகல் நேரம், மண்டபம் நிறையக் கூட்டம். மெஷினைத் தட்டினேன் பாருங்கள், அப்படி ஒரு அடி! பையன்கள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பித்துவிட்டார்கள். தாய்மாமன் மேடைக்கே ஏறி வந்து எனக்குச் சால்வை போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தியில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆறாவது பாட்டு எப்படி இருந்துச்சு?"

"அருமை. சும்மா சொல்லக்கூடாது, பிச்சு உதறிட்ட."

"நான் அதைப் பாடவே இல்லை. வாயை மட்டும் அசைச்சேன்."

கீபோர்டில் மெட்டு ஓடியிருக்கிறது, மேலே என் அடி விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"ஊருக்குத் தெரியலை, சரி. உங்களுக்குமா தெரியலை?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது. சால்வையை வேறு இன்னும் கழற்றாமல் போர்த்திக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அதையாவது கழத்துங்க, ரசத்துல படுது" என்றாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இலைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெட்டியில் ஒரு தப்பும் இல்லை. அமுக்கின சத்தத்தை அப்படியே மொத்தமாகத் தூக்கிவிடவும் அதனால் முடியும், நான் திருகைக் கடைசிவரை திருகி வைத்திருந்தேன். மாந்தோப்பில் நான் தேடினதே அதைத்தானே! அடக்க வாங்கினதை வைத்து ஊதிப் பெருக்கியிருக்கிறேன்.

மறுநாளே செட்டுக்காரரிடம் போனேன். புதுப்பெட்டியை அவரே சந்தோஷமாக எடுத்துக்கொண்டார், பாலம் தாண்டிக் கேட்டது அல்லவா. மற்ற இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தேன். ஆமாம், அடுப்படியில்தான். வெண்டைக்காய் நறுக்கும்போது பாடுவாளே, அந்தக் குரலில் பாடு என்றேன். அந்தக் குரலை அவள் உயர்த்த வேண்டி வந்தால் அந்தப் பெட்டி ஃபெயில்.

குட்டிப் பெட்டியில் என் மெஷினின் இரண்டு வயரில் ஒன்றைத்தான் சொருக முடிந்தது. அடியும் நமத்த அப்பளம் மாதிரி இருந்தது. பழசைப் போட்டேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கைமேல் கையை வைத்துத் திருகினாள். "இன்னும் அமுக்குங்க... இன்னும்... நிப்பாட்டுங்க." கிக் பெட்டிப்பாம்பாக அடங்கியது. அதுவரை எங்கே இருந்தது என்று தெரியாத சின்னத் தட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. திருகின இடம் மாறிவிடக் கூடாதென்று அவளுடைய நகப்பாலிஷை எடுத்துத் திருகில் ஒரு பொட்டு வைத்தேன். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான்.

இரண்டாவது கச்சேரி ராஜபாளையத்திலேயே ஒரு கல்யாண வரவேற்பு. மூன்றாவது பாட்டுக்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்துவிட்டார். "தம்பி, டிரம்மு பத்தலையே?"

"அம்புட்டுத்தான்ணே வரும்" என்றேன். நான் இப்படிச் சொன்னேன் என்றால் மில்லில் ஒருத்தனும் நம்பமாட்டான்.

பிறகு அவள் ஒரு மெதுவான பாட்டை எடுத்தாள். பல்லவி முடிந்தது. சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. இத்தனை வருஷம் நாலடி பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. கீபோர்டுத் தம்பி பதறிப்போய் அவனும் கையை எடுத்துவிட்டான். அவள் நிறுத்தவில்லை. தாளம் இல்லாமலே, கத்தாமலே, வெண்டைக்காய் நறுக்குகிற குரலில் அந்தச் சரணத்தைப் பாடினாள். பந்திக்கு எழுந்தவர்கள் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். அவள் பாடிக்கொண்டே பின்னால் திரும்பி, தட்டுங்க என்று கண்ணை உருட்டினாள்.

நான் தட்டவில்லை. இன்னும் ஒரு வரி போகட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.