நாலு கே கம்ப்யூட்டரில் முருகனுக்கு இடம்

தி. நகரில் வெள்ளைத்துரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடைக்கு 1979 ஐப்பசியில் கம்ப்யூட்டர் வந்தது. மச்சினன் அமெரிக்காவிலிருந்து மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். அதைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்தவன் ஜவஹர், பி.எஸ்ஸி. கோவில்பட்டியில் அவன் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள்.

பெட்டியின் நினைவகம் நாலு கே. இரண்டு பக்கக் கடிதத்துக்கே நிரம்பிவிடும். பில் போடும் புரோகிராம் ஒரு கேசட்டில், சரக்கு இருப்பு பார்க்கும் புரோகிராம் இன்னொன்றில். பில் பாதியில் இருக்கும்போது, "இதே கரையில பச்சை இருக்கா?" என்று ஓர் அம்மாள் கேட்டுவிட்டால், ஒன்றை எடுத்து மற்றதை ஏற்றுவதற்குள் அந்த அம்மாள் அடுத்த கடையில் பச்சையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டையும் ஒண்ணா உள்ள வைக்க முடியாதாலே?"

"முடியும் அண்ணாச்சி."

முடியுமா என்பது ஜவஹருக்குத் தெரியாது. படித்தவன் தெரியாது என்று சொல்லலாமா என்பதும் தெரியாது.

"வெள்ளிக்கிழமை பூஜைக்குள்ள முடி. இல்லன்னா நீ துணி மடிக்கப் போ."

இரண்டையும் சேர்த்து அடித்தான். பாதியிலேயே திரையில் ‘சாரி’ என்று வந்தது. இடமில்லை என்பதை அந்தப் பெட்டி அப்படித்தான் சொல்லும்.

"இன்னா மச்சி, பொட்டி உன்னாண்ட சாரி கேக்குது? மன்னிச்சி வுட்டுடு" என்றான் கல்லாவில் இருந்த சிந்தாதிரிப்பேட்டை சண்முகசுந்தரம்.

ஜவஹர் புரோகிராமிலிருந்து வரிகளை வெட்டத் தொடங்கினான். வணக்கம் போனது. நன்றி போனது. மீண்டும் வருக போனது. அப்படியும் சாரி. கடைசியாக, அண்ணாச்சி சொல்லி முதல் வரியாகப் போட்டிருந்த ‘முருகன் துணை’. கணக்கில் அதற்கு வேலை எதுவும் இல்லை. ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நீக்கினான். சாரி வரவில்லை.

வெள்ளிக்கிழமை திரையின் நெற்றியில் சந்தனம் வைத்து, சூடம் ஏற்றிய அண்ணாச்சி, "முத வரியக் காட்டு" என்றார்.

ஜவஹர் அந்த வரியை அங்கேயே திரும்பச் சேர்த்துவிடப் பார்த்தான். எண் போட்டால்தான் அது புரோகிராமில் ஒரு வரி; அவசரத்தில் எண்ணை விட்டுவிட்டு, ‘முருகன் துணை’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். பெட்டிக்கு அப்படி ஒரு கட்டளை தெரியாது. ‘வாட்?’ என்றது.

"முருகன் துணைன்னா என்னதுன்னு கேக்குதே! கொழுப்பப் பாத்தியா?"

"அமெரிக்காப் பொட்டி அண்ணாச்சி, பழகிக்கும்" என்றான் சண்முகசுந்தரம்.

"இடம் பத்தல அண்ணாச்சி. சாமி வரிய எடுத்துட்டேன்" என்றான் ஜவஹர், தரையைப் பார்த்து.

"அப்ப இப்ப முத வரி எதுலே?"

காட்டினான். எஸ். ஜவஹர், பி.எஸ்ஸி.

சூடம் படபடத்தது.

"சாமிக்கு இடமில்ல. தொரைக்கு மட்டும் இருக்கோ?"

ஜவஹர் அந்த வரியையே வெறித்தான். மூன்று நாளாக வரிவரியாக வெட்டியிருக்கிறான். இது வெட்டக்கூடிய வரியாக ஒருமுறைகூட அவன் கண்ணில் படவில்லை. அது அவனுக்கே வியப்பாக இருந்தது.

பெயரை எடுத்தான், பட்டத்தையும் சேர்த்து. அந்த இடத்தில் முருகனை வைத்ததும் ஓர் எழுத்துக்கு இடம் மிஞ்சியது. விரல் தானாக ‘ஜே’யை நோக்கிப் போனது.

"பிள்ளையார் சுழி எங்கலே?"

ஆங்கிலப் பலகையில் சுழி ஏது? வளைவு ஏறக்குறைய ஒன்றுதானே என்று, முருகனுக்கு முன்னால் ‘2’ அடித்தான். ஓட்டினான். பில் வந்தது. நடுவில் ஓர் அம்மாள் பச்சை கேட்டார். ஏழு சேலை இருக்கிறது என்றது. திரும்பப் பில்லுக்கு வந்தது. சாரி இல்லை.

அண்ணாச்சி சூடத்தட்டைப் பெட்டிக்குக் காட்டிவிட்டு அவனிடம் நீட்டினார்.

"தொட்டுக் கும்பிடுலே. துணி மடிக்க வேற ஆள் இருக்கு."