மேனேஜரோட துண்டும் எனக்கு வந்த மெமோவும்

இன்னைக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல அடிக்கடி நின்னுபோற லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தேன்.

“ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போடணும்ங்க மேடம். ப்ராசசரை நல்லா சூடேத்தினா எதனால நிக்குதுன்னு தெரிஞ்சிடும்”னார் கடைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

எண்பதுகளோட கடைசியில எங்க ஆபீஸுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. ஆபரேட்டர் நான்தான். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அது அப்படியே நின்னுடும்.

“நீ வேகமா தட்டறதாலதான்மா நிக்குது”ன்னு மேனேஜர் சொன்னார். சொன்னதோட விடல, மெமோவும் கொடுத்தார்.

பெங்களூர்ல இருந்து இன்ஜினியர் வந்தார். ஜன்னலைச் சாத்தி, ரூம் ஃபேனை நிறுத்தி, ஓயாம கணக்குப் போடற புரோகிராம் ஒண்ணை ஓடவிட்டார். காலை பூரா ப்ராசசர் கொதிச்சுது. நிக்கவே இல்ல.

“மிஷின்ல குறை இல்லீங்க.”

மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு சாப்பிடப் போனார்.

கை கழுவிட்டு வந்தவர், ஈரத்துண்டை வழக்கம்போல கம்ப்யூட்டரோட பின்பக்கம் விரிச்சுப் போட்டார். அங்க சூடான காத்து வரும், துண்டு சீக்கிரம் காயும். நானும் தினமும் பார்த்ததுதான், தோணவே இல்ல.

கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன் அப்படியே நின்னுது.

இன்ஜினியர் எழுந்து போய் துண்டை எடுத்தார். நாலா மடிச்சு மேனேஜர் கையில கொடுத்தார்.

“டெஸ்ட் முடிஞ்சுதுங்க சார்.”

நான் ரிட்டயரும் ஆயாச்சு. அந்த மெமோவை இன்னும் யாரும் வாபஸ் வாங்கல.

உங்க ஆபீஸ்ல யார் துண்டுக்கு யாருக்கு மெமோ வந்துச்சு?