குரும்பலூரில் எரிந்த கால்

என் தந்தையின் தம்பி மரியசூசை, 1908ஆம் ஆண்டு வரதராசன்பேட்டைப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவர். தொழில், கிணறு வெட்டுதல். மனைவி அமலோற்பவமேரி ஏலாக்குறிச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிள்ளை இல்லை. 1943ஆம் ஆண்டு வைகாசியில், பெரம்பலூருக்கு மேற்கே குரும்பலூரில், வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் பக்கப் பாறை சரிந்தது. மரியசூசை இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். உடன் நின்ற இளையபெருமாள் அந்த இடத்திலேயே இறந்தார். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதவை. இனி வருபவற்றை அருகில் இருந்தவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். அவர்கள் சொல்வதில் வேறுபாடு இருந்தால் அதையும் மறைக்கவில்லை.

அவர் செய்த வேலையை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்டிமடத்துச் செம்மண்ணில் கிணறு தோண்ட மண்வெட்டி போதும். பெரம்பலூர்ப் பக்கத்தில் சில முழத்துக்குக் கீழே கரும்பாறை. அதில் கம்பியால் குழி அடித்து, கருமருந்தைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலேறி வந்துவிட வேண்டும். வைத்த வேட்டு அத்தனையும் வெடித்ததா என்பதை ஒருவர் காதால் கேட்டு எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் யாரும் கிணற்றை நெருங்கக் கூடாது. எண்ணுபவர் பேசக் கூடாது, எழக் கூடாது, வேறொன்றை நினைக்கவும் கூடாது. அந்தப் பொறுப்பு மரியசூசையிடம் இருந்தது. சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் முதுகை நிமிர்த்தி உட்கார்வார். உள்ளூர்க்காரரான இளையபெருமாள் அதே கல்லில் அவருக்கு இடப்பக்கம், தோள் உரச உட்கார்ந்துகொள்வார். ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் பெருமாளைக் கும்பிடுகிறவர். ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைத்துக்கொண்டார்கள்.

பாறை சரிந்தது வேட்டினால் அல்ல. எல்லாம் வெடித்து முடிந்து, இருவரும் உள்ளே இறங்கிக் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சரிந்தது. மரியசூசையை மேலே தூக்கியபோது அவருடைய கால் கீழே பாறைக்கு அடியில் தங்கிவிட்டது. அவரை வண்டியில் பெரம்பலூருக்கும், அங்கிருந்து லாரியில் திருச்சிக்கும் கொண்டுபோனார்கள். பிற்பகலில் பாறையை அகற்றியவர்கள், நசுங்கிக் கிடந்த இளையபெருமாளின் உடலோடு அங்கே கிடந்த எல்லாவற்றையும் வாரி ஒரே கோடித் துணியில் வைத்துக் கட்டினார்கள். கட்டிய பிறகே இளையபெருமாளின் மனைவி கலியம்மாளை அருகில் விட்டார்கள். துணிக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அது தம் கணவரின் பாதம் அல்ல என்பது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் பிணத்துக்குக் கட்டிய துணியை மறுபடி அவிழ்த்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது அவர்கள் வழக்கம். அவருக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சிதை மூட்டினார்கள்.

அதே நாள் விளக்கேற்றும் நேரத்தில், திருச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மரியசூசை, "காலை நெருப்புல வச்சிட்டாங்கடா, எடுங்கடா!" என்று அலறினார். பக்கத்தில் இருந்தவர் என் தந்தை லூர்துராஜ். கால் போனவர்களுக்கு அந்த இடத்தில் வலி தெரிவது உண்டு என்று டாக்டர் சொன்னார். பொழுது சாயும் நேரமும் விளக்கேற்றும் நேரமும் ஒன்றுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. குரும்பலூரில் நடந்ததை அப்போது திருச்சியில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

வீடு திரும்பிய பிறகும் எரிச்சல் நிற்கவில்லை. பெருவிரலில் தொடங்கி, பாதம் முழுவதும் பரவி, கணுக்காலில் வெடிக்கும். சற்று ஓயும். மறுபடி விரலில் தொடங்கும். இல்லாத காலைத் தண்ணீரில் வைக்கச் சொல்வார். அமலோற்பவமேரி வெறும் தவலையைக் கட்டிலுக்குக் கீழே வைப்பார். அபின் வாங்கிக் கொடுத்தார்கள். முதலில் மிளகளவு, பிறகு சுண்டைக்காயளவு. அதைத் தின்றால் எரிச்சல் குறையாது, எரிகிறது யாருக்கு என்பது மட்டும் மறந்துபோகும் என்று அவர் சொன்னாராம்.

ஏலாக்குறிச்சி அடைக்கலமாதாவுக்கு வெள்ளியில் கால் செய்து காணிக்கை வைப்பதாக அமலோற்பவமேரி நேர்ந்துகொண்டார். கோயில் வாசலில் உருவத் தகடு விற்றவர், "எந்தக் காலும்மா, வலதா இடதா?" என்று கேட்டார்.

"இடது."

கட்டையை ஊன்றி நின்ற மரியசூசை சிரித்தார். "நல்லாக் கேட்டுக்க மேரி. காலு சரியாப் போச்சுன்னா திருப்பிக் குடுத்துருவாங்களான்னு கேளு."

"கோயில் வாசல்ல வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

"நிக்கிறதுக்குத்தான் இன்னொண்ணு வேணும்ங்கிறேன்."

அவர் சிரித்ததைத் தாம் கண்டது அந்த ஆண்டில் அந்த ஒருமுறைதான் என்று அமலோற்பவமேரி சொல்லியிருக்கிறார்.

அறுவடைக்குப் பிறகு ஒருநாள் கலியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரதராசன்பேட்டைக்கு வந்தார். உட்காராமலே சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொல்லாம எனக்குச் சோறு இறங்கல. உங்க காலு அவரு கூடவே வெந்துபோச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்துட்டேன்."

மரியசூசை முழங்காலுக்குக் கீழே தடவிப் பார்த்தார். பிறகு, "எப்ப வச்சாங்க தங்கச்சி?" என்று கேட்டார்.

"பொழுது சாயறப்ப."

அவர் அருகில் நின்ற என் தந்தையை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

அமலோற்பவமேரிக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. ஞானஸ்நானம் பெற்ற உடலின் ஒரு பங்கு, சாமியார் மந்திரித்துப் புனிதமாக்காத மண்ணில் வெந்து கிடக்கிறது, அதனால்தான் எரிகிறது, அதைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அடங்கும். மரியசூசையும் அதையே நம்பினார். என் தந்தை குரும்பலூருக்குப் போய், சிதை எரிந்த இடத்தின் மண்ணைக் கலியம்மாள் காட்டக் காட்ட ஒரு சட்டியில் அள்ளி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். பங்குச் சாமியார் சட்டியைப் பார்த்தார்.

"இது காலா, மண்ணா?"

"ரெண்டுந்தான் சாமி."

"மண்ணை மண்ணுல போட என் உத்தரவு எதுக்கு? வெட்டுங்க குழியை. ஒரு செபம் சொல்லிட்டுப் போறேன்."

1944ஆம் ஆண்டு தவக்காலத்தில் அந்தச் சட்டியைப் புதைத்தார்கள். மரியசூசை அன்றே அபினை நிறுத்திவிட்டார். இனி அது தேவைப்படாது என்று அவ்வளவு உறுதியாக இருந்தார்.

எரிச்சல் நிற்கவில்லை. குறையவும் இல்லை. முன்பு ஏதாவது செய்தால் நிற்கும் என்ற எண்ணம் இருந்தது. இப்போது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில் அவர் மனைவியிடம், "காலு முன்னாடி போயிருச்சு. நான்தான் இன்னும் போகல" என்றார். அமலோற்பவமேரி வீட்டுக் கயிறுகளையெல்லாம் எடுத்து என் தாயாரிடம் கொடுத்துவிட்டார். கொல்லையில் இருந்த கிணற்றை மட்டும் எடுத்துக் கொடுக்க வழியில்லை.

ஒரு நண்பகலில் அமலோற்பவமேரி துணி துவைத்துவிட்டுத் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. கொல்லைக்கு ஓடினார். மரியசூசை கிணற்றின் விளிம்பில், ஒற்றைக் காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். ஊன்றுகட்டை எட்டாத தூரத்தில் கிடந்தது. அமலோற்பவமேரி கத்த வாயெடுத்தார். அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"பேசாதே. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எதைங்க?"

"வேட்டுச் சத்தத்தை."

அமலோற்பவமேரி இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிட்டே போனால் குதித்துவிடுவாரோ என்று பயம். விட்டுப் போகவும் பயம். வெயில் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் கணவரின் தோள் துடிப்பதையும், பிறகு தளர்வதையும், மார்பு மெல்ல ஏறி இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் துடித்த நேரங்களில் அவர் வாய்க்குள் ஏதோ சொன்னார். தளர்ந்த நேரங்களில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவரே, "கட்டையை எடுத்துக் குடு மேரி" என்றார்.

அன்று நடந்ததை மரியசூசை பின்னாளில் என் தந்தையிடம் விளக்கியிருக்கிறார். குதிக்கத்தான் போனார். உட்கார்ந்ததும் கிணற்று வாய், கீழிருந்து வந்த குளிர்ச்சி, முதுகு தானாக நிமிர்ந்தது, எல்லாமாகச் சேர்ந்து அவரைப் பழைய வேலைக்குள் கொண்டுபோய் விட்டன. கணுக்காலில் வலி வெடித்தது. பழக்கத்தில், ஒன்று என்றார். அடுத்ததற்குக் காத்திருந்தார். அது உடனே வரவில்லை. அந்த இடைவெளியில் எரிச்சலே இல்லை என்பதை அப்போதுதான் கண்டார்.

"எரியாத நேரமும் இருந்துருக்குண்ணே. அடுத்தது வருதே வருதேன்னு நான்தான் அதையும் எரிச்சலாக்கி வச்சிருந்தேன். வேட்டுக்கும் வேட்டுக்கும் நடுவுல நான் எப்பவாச்சும் பயந்திருக்கேனா? மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அதன் பிறகு நாள்தோறும் நண்பகலில், கொல்லையில் போட்ட ஒரு பலகையின் மேல் உட்கார்ந்தார். கண்களைப் பாதி மூடியிருப்பார். மூச்சு மூக்கில் நுழைவதையும் வெளியேறுவதையும் கவனிப்பார். வலி விரலில் தொடங்கினால் விரலிலும், பாதத்துக்கு நகர்ந்தால் பாதத்திலும் மனத்தை வைப்பார். விரட்டமாட்டார், பல்லைக் கடிக்கமாட்டார். வெடித்து ஓய்ந்ததும் மறுபடி மூச்சுக்கு வருவார். தொடக்கத்தில் பாதியில் எழுந்து அழுத நாட்களும், அபினுக்குக் கெஞ்சிய நாட்களும் உண்டு. அடுத்த தவக்காலம் வருவதற்குள் அவை அருகிவிட்டன. உறங்கினார், உண்டார். கயிறுகள் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

சாமியார் ஒருநாள் கொல்லைவரை வந்து பார்த்தார்.

"செபம் பண்றியா மரியசூசை?"

"இல்லீங்க சாமி. செபம்னா ஏதாச்சும் கேக்கணும். நான் ஒண்ணும் கேக்கல."

"பின்ன என்ன பண்றே?"

"கூட இருக்கேன்."

"யாரு கூட?"

மரியசூசை கண்களைப் பாதி மூடி மூச்சுக்குத் திரும்பினார். சாமியார் மறுமுறை கேட்கவில்லை.

அமலோற்பவமேரியால் அப்படி விட்டுவிட முடியவில்லை. பலகையின் நடுவில் உட்காரும் கணவர், சட்டியைப் புதைத்த சில மாதங்களில் வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்காரத் தொடங்கியதை அவர் கவனித்திருந்தார். இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் காலியாக இருக்கும். சில நேரம் அவருடைய இடது தோள், எதிலோ சாய்ந்தது போல லேசாகச் சரிந்திருக்கும். காற்றில் சாயும் தோள் கீழே விழ வேண்டும், அது விழவில்லை என்றார் அமலோற்பவமேரி. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் பொய் சொல்லிக் கேட்டதும் இல்லை.

"யாருக்குங்க இடம் விட்டு உக்கார்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பழக்கம்."

1946இல் கலியம்மாள் மறுபடி வந்தார். அன்று குரும்பலூரில் இளையபெருமாளுக்குத் திதி கொடுக்கிற நாளாக இருந்திருக்க வேண்டும். அவர் அங்கே இல்லாமல் இங்கே நின்றார்.

"படையல் வச்சா காக்கா தொடமாட்டேங்குது. ரெண்டு வருசமா தொடல. அவரு அங்க இல்லண்ணே. உங்க காலை அள்ளுறோம்னு அவரையும் அள்ளிக் கொண்டாந்துட்டீங்க. மண்ணைக் காட்டி விட்டவளே நான்தான். யாரை நோவேன்?"

கணவரின் காலைப் பிரித்தெடுப்பதில் இருந்த குறியில், மண்ணில் வெந்தவர்கள் இருவர் என்பதை அமலோற்பவமேரியும் என் தந்தையும் எண்ணிப் பார்க்கவே இல்லை. இப்போதே தோண்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கணவரிடம் மன்றாடினார். "அது போனா அவரும் போயிருவாரு. உங்களுக்கும் எரியாதுங்க."

மரியசூசை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலியம்மாளிடம் கேட்டார்.

"பிரிச்சுத் தர முடியுமா தங்கச்சி? இது உன் வூட்டுக்காரரு, இது என் காலுன்னு?"

"எப்படிண்ணே பிரிப்பாங்க?"

"அப்ப எதைக் கொண்டு போனாலும் ரெண்டு பேருந்தான் போவோம். எதை வச்சாலும் ரெண்டு பேருந்தான் இருப்போம். காக்காவுக்கு வைக்கிறதை இங்க வச்சுப் பாரு."

சோற்றை அமலோற்பவமேரியே வடித்தார். கலியம்மாள் அதை வாழையிலையில் எடுத்துப் பலகையின் காலியான பக்கத்தில் வைத்தார். மரியசூசை தம் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவர் தோள் துடித்தது, தளர்ந்தது. மறுபடி துடித்தது. வேலிப் பூவரசிலிருந்து ஒரு காகம் இறங்கி, அவர் அங்கே இருப்பதையே கணக்கில் எடுக்காமல் இலையைக் கொத்தியது. கலியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர் வரதராசன்பேட்டைக்கு வந்துபோனார். பங்கில் சிலர் இதைக் குறை சொன்னார்கள். சாமியார் கேட்டும் கேளாதவர் போல இருந்துவிட்டார்.

சட்டியைத் தோண்டவில்லை. எரிச்சலும் நிற்கவில்லை. உட்கார்ந்து பழகியதால் அது நின்றுவிட்டது என்று உறவினர்களில் சிலர் சொல்வது தவறு. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதினேன். அவர் மறுபடி அபினைத் தொடவில்லை, கிணற்றின் விளிம்பில் அந்த எண்ணத்தோடு உட்காரவும் இல்லை. வலி வந்தபோது வலியோடும், ஓய்ந்தபோது மூச்சோடும் இருந்தார். பலகையில் விட்ட இடத்தைக் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

கால் போன பிறகு மரியசூசை வாழ்ந்தது இருபத்தாறு ஆண்டுகள்.