அடைகாப்பு மையத்துக்கு வந்த முட்டைகள்

மூன்று வருடம் இருக்கும். செஞ்சியில் ஒரு கல்லூரியில் தொழில்முனைவோர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் பாடத்தைத் தமிழிலேயே நடத்தச் சொன்னார்கள். நான் படித்தது, எடுத்தது எல்லாம் ஆங்கிலத்தில். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன். பலகையில் 'இடர்' என்று எழுதினால், "இடர்னா இன்னா மிஸ்?" என்பார்கள். "ரிஸ்க்" என்பேன். "அப்டி சொல்லுங்க" என்று எழுதிக்கொள்வார்கள். இதில் எது அவர்கள் தாய்மொழி என்று எனக்கே குழம்பும்.

அந்தச் சமயத்தில், மாணவர்களின் தொழில் யோசனைகளுக்கு உதவ ஒரு இன்குபேஷன் சென்டர் தொடங்கச் சொன்னார்கள். ஒரு காலி அறையும் மேசையும் நான்கு நாற்காலிகளும் கிடைத்தன. பெயர் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். இன்குபேஷனுக்கு அகராதி தந்த சொல்லை அப்படியே எடுத்துக் கல்லூரி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினேன்: 'நம் கல்லூரியில் அடைகாப்பு மையம் தொடக்கம். அனைவரும் வருக.'

ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. எட்டாம் நாள் காலை, ஆசிரியர் அறை வாசலில் ஒரு அம்மா கூடையோடு நின்றார். சிங்கவரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார்.

"டீச்சர், சந்தைக்கு வந்தப்ப கேட்டுல நோட்டீஸ் பாத்தேன். அடை காக்கற எடம் எதுங்க? எம் பொண்ணு உங்க கிளாஸுலதான் படிக்குது. கோழிய நாய் கடிச்சிட்டுது. பதினஞ்சு நாள் அடை படுத்துது, இன்னும் ஆறு நாளுதான் பாக்கி."

கூடையில் தவிட்டின் மேல் பதிமூன்று முட்டைகள். இது அந்த மாதிரி மையம் இல்லை, தொழில் யோசனைகளை வளர்க்கிற இடம் என்று விளக்கினேன்.

"யோசனைய எப்டி டீச்சர் அடைகாக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த இரண்டு ஆசிரியைகளும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "நோட்டீஸ்ல அப்டிதானே போட்டிருக்குது?" என்றார், தாழ்ந்த குரலில்.

அவர் பின்னால் அவருடைய மகள் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பெண். "எங்கம்மா சரியாத்தான் படிச்சிருக்காங்க மிஸ். நீங்கதான் தப்பா எழுதியிருக்கீங்க" என்றாள். முகம் சிவந்திருந்தது.

மன்னிப்புக் கேட்பதா? முட்டைகளைத் திருப்பி அனுப்புவதா? அவளோ ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு முட்டையின் அடியில் போன் டார்ச்சைப் பிடித்தாள். ஓட்டுக்குள்ளே கருப்பாக என்னவோ துடித்தது. நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"அந்த ரூமு சும்மாதானே மிஸ் இருக்குது?" என்றாள். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். செய்தது சரியா, முதல்வர் என்ன சொல்வார், எல்லாம் செத்துப்போனால் யார் பதில் சொல்வது, எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் மொத்த வகுப்பும் அந்த அறையில் இருந்தது. தெர்மோகோல் பெட்டி, ஒரு பல்பு, கிண்ணத்தில் தண்ணீர், விலங்கியல் லேபிலிருந்து கேட்டு வாங்கிய தெர்மாமீட்டர். முட்டைகளை யார் எப்போது திருப்புவது என்று சண்டையே நடந்தது. இரவில் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் நட்ட நடு வகுப்பில் கரண்ட் போனது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி வைத்தார்கள். சூடு அதிகமாகிவிட்டதோ என்று அந்தப் பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். போனில் அவள் அம்மா, "முட்டைய கண்ணு எமை மேல வச்சிப் பாரு. எதமா இருக்கணும், சுடக்கூடாது" என்றார். நானும் ஒரு முட்டையை எடுத்துக் கண்ணை மூடி இமை மேல் வைத்துப் பார்த்தேன். இதமா, சூடா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது.

எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன. ஐந்து முட்டைகள் அப்படியே கிடந்தன. அந்த அம்மா வந்து அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். பிறகு, "எட்டு வந்துச்சே, போதும்" என்று குஞ்சுகளைக் கூடையில் எடுத்து வைத்தார். அன்று சிரித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "இன்னாத்துக்கு டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்ததுபோல் நடந்துகொண்டாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அந்த ஆறு நாளில் நான் பாடம் நடத்தினேனா, பாடத்தைக் கோட்டைவிட்டேனா என்பதும் குழப்பம்தான். ஆனால் ஆங்கிலத்தில் எடுத்த அத்தனை வருடங்களில் ஒருவர்கூட 'நீங்கதான் தப்பு' என்று என்னிடம் சொன்னதில்லை. அதை நான் என் திறமை என்று நினைத்திருந்தேன். இப்போது வகுப்பு அமைதியாக இருந்தால் பயம் வருகிறது: இவர்களுக்குப் புரிந்துவிட்டதா, இல்லை, கேட்பதற்கு ஒரு சொல்கூட அகப்படாமல் உட்கார்ந்திருக்கிறார்களா?