மழை விட்ட நாளில் தெரியும் லாஞ்ச்

கலியாணமான புதிதில் கடலோர மேடான ஓர்ஸ் ஹில்லில் இருந்தோம். என் கணவர் அக்கரையில் மூதூரில் வேலை முடிந்து பின்னேர லாஞ்சில் கடல் கடந்து வருவார். குசினி யன்னலில் லாஞ்ச் தெரிந்ததும் நான் புட்டுக்கு மாக் குழைப்பேன். மழை விட்டுக் காற்று தெளிந்த நாளில் லாஞ்ச் கிட்ட வந்துவிட்டதுபோல் தெரியும். அவசரமாக அவித்த புட்டு ஆறிப்போகும். மூட்டமான நாளில் எங்கோ தூரத்தில் சின்னதாகத் தெரியும். ஆறுதலாகத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் நிற்பார். என் கண்ணை விட்டுவிட்டு லாஞ்சைத் திட்டுவேன்.

சில மாதத்தில் புட்டு எந்த நாளும் சுடச்சுட இருந்தது.

"என்ரை கண் இப்ப பிழைக்கிறேல்லை" என்று பெருமையடித்தேன்.

அவர் சிரித்தார். "மூட்டமான நாளிலை இறங்குதுறை ஜெட்டியிலை கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறனான்."

"மழை விட்ட நாளிலை?"

"மேட்டிலை ஓடி வாறனான்."